இராசகேசரியும் பரகேசரியும்: அரியணைக்கு அடுத்தவர் யார் என்பதைப் பட்டப்பெயர்கள் எப்படிச் சொல்கின்றன

கடலூரில் வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இடைக்கால அரச மரபுகளில் மூத்த மகனுக்கே பட்டம் என்பது உறுதியான விதியாக இருந்ததா, சோழர்கள் இராசகேசரி என்றும் பரகேசரி என்றும் மாறி மாறிப் பட்டம் சூடியது ஏன், கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் நீண்ட பட்டங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவை அவை. மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மூத்த மகன் என்ற தகுதிக்குப் பெருமதிப்பு இருந்தது உண்மை. ஆனால் அரசுரிமையை முடிவு செய்தது அந்தத் தகுதி மட்டுமன்று. ஆளும் அரசன் உயிரோடிருக்கும்போதே யாருக்கு இளவரசுப் பட்டம் கட்டினான் என்பதே முதன்மையானது. அப்படிக் கட்டிய பட்டம் விட்டுச் சென்ற தடத்தைத்தான் நாம் இன்று கல்வெட்டுகளில் பார்க்கிறோம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடைப்பட்ட ஊர்களிலேயே முக்கியமான சில கிடைக்கின்றன.

முதலில் இராசகேசரி, பரகேசரி முறையைப் பார்ப்போம். முதலாம் பராந்தகன் பரகேசரி; அவனுக்குப் பின் கண்டராதித்தன் இராசகேசரி; அரிஞ்சயன் பரகேசரி; சுந்தர சோழன் இராசகேசரி. உத்தம சோழன் பரகேசரியாக இருந்தமையால் முதலாம் இராசராசன் இராசகேசரி ஆனான். அவன் மகன் இராசேந்திரன் பரகேசரி ஆனான். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீட்டு வழக்கத்தைப் போல, தந்தையின் பட்டத்தை விட்டு அதற்கு முந்திய பட்டத்தை எடுத்துக்கொள்வது இந்த முறை. பாண்டியரிடமும் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரு பட்டங்கள் இவ்வாறே வழங்கின. இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் அரசனின் இயற்பெயரே இராது. 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு' என்று தொடங்கி, ஆண்டை மட்டும் சொல்லிவிட்டுக் கொடைச் செய்திக்குப் போய்விடும். அந்தப் பரகேசரி பராந்தகனா, அரிஞ்சயனா, உத்தமனா என்பதை எழுத்தமைதி, கொடையாளரின் பெயர், உடன் குறிப்பிடப்படும் அதிகாரிகள் ஆகியவற்றைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இராசராசன் காலத்தில் ஒவ்வோர் அரசனுக்கும் உரிய மெய்க்கீர்த்தி என்ற புகழுரை கல்வெட்டின் தலையில் நிலைபெற்ற பிறகே இந்தச் சிக்கல் குறைந்தது.

இந்தப் பட்டம் எப்போது சூட்டப்பட்டது என்பதுதான் அரசுரிமைக்கான திறவுகோல். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள திருபுவனையின் வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 30-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கு விடப்பட்ட நிவந்தத்தை, அதாவது அறக்கொடையைப் பற்றியது என்பதால் கல்வி வரலாறு எழுதுவோர் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அதன் ஆண்டைக் கவனியுங்கள். அது 1048. இராசேந்திர சோழன் இறந்தது 1044. தந்தை இறந்து நான்கே ஆண்டுகளில் மகனுக்கு 30-ஆம் ஆட்சியாண்டு எப்படி வரும்? இராசாதிராசன் தன் ஆட்சியாண்டை 1018-இலிருந்து, அதாவது தந்தை அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி ஆட்சியில் பங்கு கொடுத்த ஆண்டிலிருந்து எண்ணினான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தந்தையும் மகனும் ஒரே நேரத்தில் முடி சூடியவர்களாக இருந்திருக்கிறார்கள். இராசராசனும் 1014-இல் மறைவதற்கு முன்பே, 1012-இல், இராசேந்திரனுக்குப் பட்டம் கட்டியிருந்தான். பாடநூல்களில் ஓர் அரசனின் முடிவாண்டும் அடுத்தவனின் தொடக்க ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதை அச்சுப்பிழை என்று எண்ணும் மாணவர்கள் உண்டு. அது அரசு நடந்த விதம்.

பட்டம் உயிரோடிருக்கும்போதே கட்டப்பட்டது என்பதற்கு இன்னொரு சான்று, முறை பிறழ்ந்ததுபோல் தோன்றும் இரண்டு இடங்கள். சுந்தர சோழனின் மூத்த மகன் இரண்டாம் ஆதித்தன் பரகேசரி. அவனுக்குப் பின் அரியணை ஏறிய உத்தம சோழனும் பரகேசரி. அதேபோல இரண்டாம் இராசேந்திரனின் மகன் இராசமகேந்திரன் இராசகேசரி. அடுத்து ஆட்சிக்கு வந்த வீரராசேந்திரனும் இராசகேசரி. இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றே. இளவரசுப் பட்டம் பெற்றவன் தனியாக ஆளும் முன்பே இறந்துவிட்டான். ஆகவே அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடமும் பட்டமும் அடுத்து வந்தவனுக்குப் போயின. முறை உடையவில்லை, ஆள்தான் மாறினார்.

இரண்டாம் ஆதித்தனைப் பற்றிப் பேசினால் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக்குப் போகாமல் இருக்க முடியாது. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் பெயர் சொல்லி, அவர்களின் உடைமைகள் குறித்து வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தணர் ஊரின் சபைக்கு அரசன் விடுத்த ஆணையைத் தெரிவிக்கிறது. கரிகாலசோழன் என்று இங்கே சொல்லப்படுபவன் இரண்டாம் ஆதித்தனே. கொலையாளிகளின் பெயர்களிலேயே பட்டங்கள் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட சிறப்புப் பட்டம். இருமுடிச்சோழன் என்பதோ சோழ அரசனையே குறிக்கும் பெயர். அரசவை கொடுத்த பட்டத்தைச் சுமந்தவர்களே அரசனின் மகனைக் கொன்றவர்கள் என்று அதே அரசவை கல்லில் பதிக்க வேண்டியிருந்திருக்கிறது.

இதைக் கொண்டு உத்தம சோழனே கொலைக்குத் தூண்டுகோல் என்று முடிவுகட்டுவோர் பலர். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அந்த ஐயத்தை எழுப்பினார். மற்றொரு வரலாற்றாசிரியரான சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நான் பண்டாரத்தார் பக்கமே சாய்கிறேன். கல்வெட்டு சொல்வது துரோகிகளின் நிலத்தைப் பற்றி. தூண்டியவரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. உத்தமனின் உரிமையும் அற்பமானதன்று. தந்தை கண்டராதித்தன் இறந்தபோது உத்தமன் சிறுவனாக இருந்தமையால் ஆட்சி சிற்றப்பன் அரிஞ்சயனின் கிளைக்குச் சென்றது. கிளைவழி உரிமையைப் பார்த்தால் மூத்த கிளை அவனுடையதே. விருத்தாசலம் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக எடுப்பித்த செம்பியன் மாதேவி அவன் தாய். ஆதித்தன் இறந்தபின் குடிகள் அவன் தம்பி அருண்மொழியை, அதாவது பின்னாளைய இராசராசனை, ஆட்சியேற்க வேண்டியதாகவும், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்பேன் என்று அவன் மறுத்ததாகவும், பின்னர் உத்தமனே அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியதாகவும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அந்தச் செப்பேடு வெளியிடப்பட்டது இராசேந்திரன் காலத்தில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். தந்தையின் பெருந்தன்மையை மகனின் அவைப்புலவர் பாடுகிறார். என்றாலும், அந்த ஏற்பாட்டால் உத்தமனின் மகன் விலக்கப்பட்டு இராசராசன் வந்தான் என்பது நடந்த நிகழ்ச்சி. தாயாதிகளுக்கிடையே ஓர் உடன்பாடு இல்லாமல் இது நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மகனுக்குப் பதிலாகத் தம்பி வருவது சோழரிடம் அரிதன்று. 1054-இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே இராசாதிராசன் இறந்தான். அதனால் பிற்காலக் கல்வெட்டுகள் அவனை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன. அவனுக்குப் புதல்வர்கள் இருந்தும், களத்திலேயே போரை வெற்றிக்குத் திருப்பி அங்கேயே முடிசூடியவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன். அவனுக்கு அதற்கு முன்பே இளவரசுப் பட்டம் இருந்தது என்பதால் இதை அபகரிப்பு என்று சொல்ல முடியாது. அவனை அடுத்து மற்றொரு தம்பி வீரராசேந்திரன். இவ்வளவு உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் சண்டை மூளாமல் காப்பது எப்படி? விடை இரண்டாம் இராசேந்திரனின் மணிமங்கலம் கல்வெட்டில் இருக்கிறது. சிறிய தந்தை, தம்பியர், மக்கள், பேரர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஆளுக்கொரு பட்டம் கொடுக்கிறான். சிறிய தந்தைக்கு இருமுடிச்சோழன். தம்பியருள் மும்முடிச்சோழனுக்குச் சோழபாண்டியன், வீரசோழனுக்குக் கரிகாலசோழன், மதுராந்தகனுக்குச் சோழகங்கன். இந்தப் பட்டியலில் கரிகாலசோழன் என்ற பட்டத்தைப் பெற்ற தம்பியே பின்னர் வீரராசேந்திரனாக அரியணை ஏறினான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பட்டியலை மேலோட்டமாகப் படிப்பவருக்குப் புகழ்ச்சியாகத் தெரியும். உள்ளே இருப்பது நாடு பிரித்துக் கொடுத்த கணக்கு. சோழபாண்டியன் என்றால் மதுரையில் இருந்து ஆளும் பொறுப்பு. முதலாம் இராசேந்திரன் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியபோது தன் மகனைச் சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன் என்ற பெயரில் மதுரையில் அமர்த்தினான். சோழ இளவரசன் ஒருவன் இராசகேசரி என்றோ பரகேசரி என்றோ சொல்லிக்கொள்ளாமல், தோற்ற பாண்டியனின் வரிசைப் பட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கிறான். மதுரைக் குடிகளுக்கு வரிசை அறுபடவில்லை என்று காட்டுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

பெண்வழி உரிமைக்குப் புகழ்பெற்ற சான்று முதலாம் குலோத்துங்கன். வீரராசேந்திரனுக்குப் பின் அவன் மகன் அதிராசேந்திரன் பரகேசரியாக அமர்ந்து 1070-இலேயே இறந்துபட, வேங்கியின் கீழைச் சாளுக்கிய இளவரசன் இராசேந்திரன் சோழ அரியணைக்கு வந்தான். இவனை அயலான் என்று எழுதுவோர் இவன் குடும்பத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தாய் அம்மங்கதேவி முதலாம் இராசேந்திரனின் மகள். தந்தையைப் பெற்ற குந்தவை முதலாம் இராசராசனின் மகள். மனைவி மதுராந்தகி இரண்டாம் இராசேந்திரனின் மகள். தந்தைவழியில் சாளுக்கியன் என்றாலும் இரத்தத்தில் பெரும்பங்கு சோழனே. அதிராசேந்திரன் பரகேசரி என்பதால் தான் இராசகேசரி என்று முறை தவறாமல் பட்டம் சூட்டிக்கொண்டதிலும், சில ஆண்டுகளில் இராசேந்திரன் என்ற பெயரோடு குலோத்துங்கன் என்ற பெயரை ஏற்றதிலும் அவன் எதை நிறுவ விரும்பினான் என்பது தெளிவு. குலத்தை உயர்த்தியவன் என்ற பெயரை, குலத்துக்குள் புதிதாக வந்தவனே வைத்துக்கொண்டான்.

அரசன் இறக்கும்போது பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தால் என்ன செய்வது என்பதை மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுகிறது. இரண்டாம் இராசராசன் மறைந்தபோது அவன் பிள்ளைகளுக்கு ஒன்றும் இரண்டும் வயது. அமைச்சர் பல்லவராயர் அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய்க் காத்ததோடு, விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப்பெருமாளுக்குப் பட்டம் சூட்டும் ஏற்பாட்டையும் நிறைவேற்றினார். அவனே இரண்டாம் இராசாதிராசன். பரகேசரியான இராசராசனுக்குப் பின் அவனும் இராசகேசரி. அதிகாரிகளின் கை எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரான ஆவணம் சோழர் வரலாற்றில் இல்லை என்றே கருதுகிறேன்.

அரசனையே தேடிப்பிடித்து அழைத்துவந்த பழைய கதையும் நம் பகுதியோடு தொடர்புடையது. காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879-இல் கிடைத்த செப்பேடுகள், பல்லவன் இரண்டாம் நந்திவர்மனைக் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கின்றன. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் கிளையில் ஐந்து தலைமுறை கடந்து பிறந்த இரணியவர்மனிடம் அமைச்சரும் கடிகை என்ற கல்விக்கூடத்தாரும் சென்று மகன் ஒருவனைக் கேட்டனர். மூத்த பிள்ளைகள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் 'நான் போகிறேன்' என்றான். அவனே இரண்டாம் நந்திவர்மன். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுமதிலின் உட்புறத்தில் இந்தக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, சிலவற்றின் கீழ் விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. உரிமை ஐயத்துக்கிடமாக இருந்தவனுக்குத்தான் அதை இவ்வளவு விரிவாகச் சுவரில் எழுதிவைக்கும் தேவை வரும்.

பிற மரபுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மேலைச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் அண்ணன் இரண்டாம் சோமேசுவரனை அகற்றிவிட்டு 1076-இல் அரசேற்றான்; அந்த ஆண்டிலிருந்து தன் பெயரிலேயே புதிய ஆண்டுக்கணக்கையும் தொடங்கிவைத்தான். காகதீய கணபதிதேவன் தன் மகள் உருத்திரமாதேவியை வாரிசாக்கினான். கல்வெட்டுகள் அவளை 'ருத்ரதேவ மகாராசா' என்று ஆண் பெயரில் குறிப்பதுண்டு. அவளுக்குப் பின் வந்த பிரதாபருத்திரன் அவள் மகளின் மகன். கலிங்கத்துக் கங்கன் மூன்றாம் அனங்கபீமன், நாட்டுக்கு உண்மையான அரசன் புரியிலுள்ள புருஷோத்தமனே, தான் அவனுக்குப் பணியாள் என்று அறிவித்தான். பாண்டியர் வீட்டில் ஒரே நேரத்தில் பலர் முடிசூடி ஆண்டனர். 1310-ஐ ஒட்டி மாறவர்மன் குலசேகரனின் மக்கள் சுந்தரனும் வீரனும் மோதிக்கொண்டதும், மறு ஆண்டே மாலிக் காபூர் படையோடு வந்ததும் அந்தக் கூட்டாட்சி எவ்வளவு மெல்லிய இழையில் நின்றது என்பதைக் காட்டும்.

இனி மூன்றாம் கேள்வி. வென்ற நாட்டைச் சொல்லும் பட்டங்களைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் எவ்வளவு காலத்துக்கு உண்மை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 'மதுரை கொண்ட' பராந்தகன் வாழ்நாளிலேயே 949-இல் தக்கோலத்தில் மகன் இராசாதித்தனை இழந்தான். அதன்பின் இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகள் அவனைக் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று குறித்து தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் பொறிக்கப்பட்டன. தஞ்சையை அவன் நிலையாக ஆண்டதற்குச் சான்றில்லை. ஆனால் நடுநாட்டில் அவன் ஆண்டெண்ணிக்கையில் கோயில் கொடைகள் நடந்தன. பராந்தகனின் மற்றொரு பட்டமான வீரநாராயணன் மட்டும் பேச்சுவழக்கில் தேய்ந்து வீராணம் ஏரியாக இன்றும் நீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உலகாளும் பட்டங்களின் நிலை வேறு. கெடிலக் கரையில் திருவந்திபுரம் தேவநாதர் கோயிலில் உள்ள கல்வெட்டை நின்று படித்தால் இது விளங்கும். 'திரிபுவனச் சக்கரவர்த்தி' மூன்றாம் இராசராசனின் 15-ஆம் ஆண்டின் எதிராமாண்டு, அதாவது 16-ஆம் ஆண்டு, என்று அது தொடங்குகிறது. 1231-ஐ ஒட்டிய காலம். அடுத்த வரிகளிலேயே அந்த மூவுலகச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் காடவர் குலத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைத்திருக்கிறான் என்ற செய்தி வருகிறது. அதைக் கேட்ட போசள அரசன் வீரநரசிம்மன், சோழமண்டலப் பிரதிட்டாசாரியன் (சோழ நாட்டை நிலைநிறுத்தியவன்) என்ற தன் பட்டத்தைக் காப்பாற்றாமல் விடேன் என்று சூளுரைத்துப் புறப்பட்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற தண்டநாயகர் இருவரை ஏவுகிறான். அவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, சுற்றுவட்டார ஊர்களை அழித்து எரித்துக்கொண்டே சேந்தமங்கலத்தை நெருங்க, கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவிக்கிறான். எழுதச் செய்தவர்கள் போசளத் தளபதிகள், வெற்றியும் அவர்களுடையது. ஆனாலும் ஆண்டைக் குறிக்கச் சிறையிலிருந்து மீட்கப்பட்ட சோழனின் ஆட்சியாண்டையே பயன்படுத்தினார்கள். அந்த மண்ணில் செல்லுபடியான ஆண்டு அதுதான்.

ஆகவே பட்டத்தை மட்டும் படித்துவிட்டு நகராமல், ஆண்டு யாருடையது என்று பாருங்கள் என்றே அந்த மாணவருக்குச் சொல்வேன். காடவர்கள் தொடக்கத்தில் சோழனின் அதிகாரிகளாக, 'இராசராச காடவராயன்' என்று அரசனின் பெயரையே தம் பட்டத்தில் சுமந்தார்கள்; 'ஆளப்பிறந்தான்' என்று கொஞ்சம் துணிந்தார்கள்; கோப்பெருஞ்சிங்கனிடம் அது 'அவனியாளப் பிறந்தான்' என்றும், மூன்று உலகும் போதாமல் 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்றும் வளர்ந்தது. இத்தனை பட்டங்களையும்விட முக்கியமானது, 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் பெயரிலேயே ஆட்சியாண்டுகள் எண்ணப்பட்டமை. சிறைவைத்தவனும் இவனும் ஒருவரா, தந்தையும் மகனுமா என்பதில் ஆய்வாளர்கள் மாறுபட்டாலும் அந்த ஆண்டில் ஐயமில்லை. மூன்றாண்டு கழித்து, 1246-இல், மூன்றாம் இராசராசன் உயிரோடிருக்கும்போதே மூன்றாம் இராசேந்திரனுக்குச் சோழர் பட்டம் கட்டினார்கள். இராசகேசரிக்குப் பின் பரகேசரி என்ற முறை அப்போதும் வழுவவில்லை. 1279-ஐ ஒட்டி அவன் ஆட்சியாண்டுகள் நின்றுபோகின்றன. அடுத்த இராசகேசரிக்கு யாரும் பட்டம் கட்டவில்லை.